குண்டு போய் நிற்கும் இடம்

வெற்றிலைச் சாற்றைத் துப்புவதற்கு முன்னால் நாலு பக்கமும் பார்த்துவிட்டுத் துப்புகிற போலீஸ்காரரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. எங்கள் இலாகாவில் துப்பினால் துப்பியதுதான். மேலே பட்டவன் துடைத்துக்கொண்டு போகவேண்டியதுதான். இவர் மட்டும் ஆயுதக் கிடங்கின் படியில் நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, சுவருக்கு அந்தப்புறம் யாராவது சைக்கிளில் வருகிறார்களா என்றெல்லாம் பார்த்துவிட்டு நிதானமாகத் துப்புவார். பார்க்கிற எனக்குத்தான் வாய் வலிக்கும்.

அவர் பெயர் இங்கே வேண்டாம். சொன்னாலும் அந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. பிரெஞ்சுப் படையில் இருந்துவிட்டுத் திரும்பியவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்பார்கள். அவரையும் அப்படியே கூப்பிட்டோம். சைகோன் பக்கம் சண்டையில் இருந்தவர், ஊருக்கு வந்து பிரெஞ்சுப் போலீசில் சேர்ந்தார். கொடி மாறியபோது அவரும் மாறினார், சட்டைதான் வேறு.

கொடி மாறிய மறுவருஷம் விழுப்புரத்திலிருந்து என்னை அங்கே அனுப்பினார்கள். நம் பக்கத்து 303 ரைஃபிள்களோடு நானும் ஒரு சாமானாகப் போய் இறங்கினேன் என்றுதான் சொல்லவேண்டும். கிடங்கின் ஒரு பக்கம் என் ரைஃபிள்கள். இன்னொரு பக்கம் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன துப்பாக்கிகள். எங்கே அனுப்புவது என்று உத்தரவு வராமல் எண்ணெய் பூசிக் காத்துக்கொண்டிருந்தன. அதற்கு அவர் பொறுப்பு, இதற்கு நான். ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்த மாதிரிதான். முதல் வாரமே சண்டை ஆரம்பித்துவிட்டது.

சண்டை என்றால் வாய்ச்சண்டை. பெரிய தோட்டா போடுகிற நீளத் துப்பாக்கி உசத்தியா, சின்னத் தோட்டா போடுகிற இலேசான கராபின் உசத்தியா என்பதுதான் விஷயம். நான் ரைஃபிள் கட்சி. அதை எடுத்துத் தோளில் வைத்தால் எனக்கு முதுகு நிமிரும். ஒரு மைலுக்கு மேல் போகும், செங்கலைத் துளைக்கும், பட்டவன் எழுந்திருக்கமாட்டான் என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் பீற்றிக்கொள்வேன். சொல்தா கேட்டுக்கொண்டே துணியால் எதையாவது துடைப்பார்.

“ஏட்டையா, இடுப்பளவு சேத்துல நெல்லு வயல்ல நடந்திருக்கீங்களா?”

“நடந்திருக்கேன். எங்க அப்பாரு நெலத்துல.”

“கைல இன்னா இருந்துது?”

“களக்கொட்டு.”

“அதான். உங்க ரைஃபிளத் தூக்கிக்கினு காலையிலேர்ந்து நடந்து பாருங்க. மத்தியானத்துக்குள்ள தோட்டாவ ஒண்ணொண்ணா சேத்துல போடலாமான்னு தோணும். கராபினுன்னா இன்னொரு நாளிக்கும் நடப்பீங்க. தோட்டாவும் ரெண்டு மடங்கு எடுத்துக்கினு போவலாம்.”

“இலேசா இருந்தா போதுமா? சுட்டவன் விழ வேணாமா?”

“கண்ணுக்குத் தெரியறவனத்தான சுடறோம்? அந்தக் காட்டுல கண்ணுக்குத் தெரியற தூரம் ஒரு தெரு நீளம். அதுக்கு ஒரு மைலு போற தோட்டா எதுக்கு? மிச்ச மைலு யாருக்கு?”

வாதத்தில் அவரை ஜெயிக்க முடியாமல் போனதற்குக் காரணம் இந்தக் கேள்வி அல்ல. என் கட்சிக்கு வேண்டிய சாட்சியையும் அவரே சொல்லிவிடுவார் என்பதுதான். ஒருநாள் அவராகவே சொன்னார்: “ஒருத்தன் கத்தியோட ஓடியாந்தான். என் பக்கத்துல இருந்தவன் கராபினால மேல மேல சுட்டான். சின்னத் தோட்டா. பட்டும் அவன் நிக்கல. என் பக்கத்துல இருந்தவன் அங்கயே போயிட்டான்.” நான் பாய்ந்து, “அப்ப பெரிசு இருந்திருந்தா?” என்றேன். “பொழச்சிருப்பான்” என்று சொல்லிவிட்டுத் துணியை உதறினார். நம் பக்கத்து நியாயத்தையும் ஒப்புக்கொள்கிற மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது? எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அவரைப் பற்றி நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது அவர் பார்வை. எதையும் அவர் நேராகப் பார்க்கமாட்டார், அதற்குப் பின்னால் பார்ப்பார். கடலோரத்து மணல்மேட்டில் எங்களுக்குச் சுடும் பயிற்சி நடக்கும். குறிப்பலகைக்குப் பின்னால் மணல், மணலுக்குப் பின்னால் கடல். இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? ஒருதரம் நான் படுத்து, மூச்சை அடக்கி, விசையில் விரலை வைத்த நேரத்தில் ஊதலை ஊதிவிட்டார். எழுந்து கத்தினேன்.

“இன்னாய்யா ஆச்சி?”

“கட்டுமரம்.”

பார்த்தேன். வானமும் கடலும் சேருகிற இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. காக்காயாகக்கூட இருக்கலாம்.

“அது எங்க இருக்குது, நாம எங்க இருக்கறோம்!”

“மைலு கணக்குல போவும்னு தெனம் சொல்றது நீங்கதான, முசியே?” என்றார், பிரெஞ்சுக்கார மரியாதையோடு. வரிசையில் படுத்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தக் கட்டுமரம் ஒதுங்கிப் போகிறவரை வெயிலில் மணலில் கிடந்தோம். அன்று எனக்கு முதுகுத் தோல் உரிந்தது.

வாய் வார்த்தைக்கும் அவரிடம் இதே கேள்விதான். கிடங்கில் யாராவது இன்னொருத்தர் வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கதையெடுத்தால், “அது எங்க போயி நிக்கும்?” என்பார். கோபம் இருக்காது குரலில், உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்பார். கதை அங்கேயே செத்துவிடும். எங்களோடு ரெட்டியார்பாளையத்துக்காரன் ஒருவன் இருந்தான், கல்யாணமான கான்ஸ்டபிள், நல்ல தமாஷ் பேர்வழி. டீயில் சர்க்கரை போடுவதற்கு முன் டம்ளருக்குப் பின்னால் எட்டிப்பார்த்து, “அண்ணே, இது எங்க போயி நிக்கும்?” என்று அவர் குரலிலேயே கேட்பான். கிடங்கே அதிரும். சொல்தாவும் சிரிப்பார். அவன் மேல் அவருக்குத் தனிப் பிரியம். மத்தியானச் சோற்றை இரண்டு பேரும் ஒரே தட்டில் கொட்டிச் சாப்பிடுவார்கள்.

ஆலை வாசலில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம் தெரிந்தாக வேண்டும். எங்கள் பக்கத்துப் போலீசில் மஸ்கட் என்று ஒரு துப்பாக்கி உண்டு. பார்வைக்கு ரைஃபிள் மாதிரியே நீளமாக இருக்கும், ஆனால் உள்ளே போடுவது வலுவில்லாத தோட்டா. கூட்டத்தைக் கலைக்க அதைத்தான் கொண்டுபோவோம். பிரெஞ்சுக்காரர்களின் சாமான்களில் முஸ்கத்தோன் என்று ஒன்று இருந்தது. பார்வைக்குக் குட்டை, கைக்கு அடக்கம். உள்ளே போடுவதோ ரைஃபிளுக்குப் போடுகிற அதே பெரிய தோட்டா. நெட்டையாக இருப்பது சாது, குட்டையாக இருப்பது முரடு. அளவைப் பார்த்து எடைபோடுகிறவன் இந்த இரண்டிலும் ஏமாந்துபோவான்.

அன்றைக்கு ஒரு பஞ்சாலையில் மறியல். கதவை உள்ளே பூட்டிவிட்டார்கள், வெளியே ஆயிரம் பேர் என்றார்கள். முன்னொரு காலத்தில் பிரெஞ்சு ஆட்சியில் ஆலைத் தொழிலாளிகள் மேல் சுட்டதை ஊர் மறந்திருக்கவில்லை. அதனால் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் கூட்டம் கொதித்தது. சொல்தாவும் நானும் அந்த ரெட்டியார்பாளையத்துக்காரனும் இன்னும் சிலரும் தடிகளோடு முதலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். கல் விழ ஆரம்பித்ததும் எங்கள் அதிகாரி ஆலை ஆபீசிலிருந்து கிடங்குக்குப் போன் பண்ணி மஸ்கட்டுகளை அனுப்பச் சொன்னார். அவர் மெட்ராஸ் பக்கத்திலிருந்து வந்தவர். போனை எடுத்தவரோ பிரெஞ்சுக் காலத்திலேயே தலை நரைத்த உள்ளூர்க் காவலர். மஸ்கட் என்ற சொல் அவர் காதில் முஸ்கத்தோனாகத்தான் விழுந்தது. அவர்மேல் தப்பு சொல்லமுடியாது. ஆயுசு முழுக்கக் கேட்ட சொல் அது.

வேன் வந்தது. துப்பாக்கிகளை இறக்கினோம், தோட்டாப் பெட்டியையும் இறக்கினோம். எனக்குப் பார்த்ததும் புரிந்தது. அதிகாரியிடம் சொன்னேன், இது நாம் கேட்டது இல்லை என்று. அவர் ஒன்றைக் கையில் வாங்கித் தூக்கிப்பார்த்தார். “சின்னதுதானே? இன்னும் நல்லதாப் போச்சு. தலைக்கு மேலே ரெண்டு சுத்து சுடச் சொல்லுங்க” என்றார். கெட்ட மனுஷர் இல்லை அவர். நெற்றியில் வேர்வை, பக்கத்தில் கற்கள். யாரையும் கொல்ல அவர் நினைக்கவில்லை.

சொல்தா கூட்டத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குப் பின்னால் பார்த்தார். நானும் பார்த்தேன். சாலைக்கு எதிரே மேடு. மேட்டின்மேல் தொழிலாளிகளின் வீடுகள், மண் சுவர், கீற்றுக் கூரை. கூட்டத்தின் தலைக்கு மேலே சுடுவதென்றால் அந்தச் சுவர்களைப் பார்த்துச் சுடுவதுதான். ஆண்கள் எல்லாரும் சாலையில் இருந்தார்கள். அப்படியானால் உள்ளே யார் இருப்பார்கள் என்று யோசிக்கவேண்டியதில்லை.

“சார், இது செவுத்துல நிக்காது” என்றார் சொல்தா.

“பாடம் எடுக்கற நேரமாய்யா இது? தோட்டாவக் குடு!”

சொல்தா தோட்டாப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

சும்மா உட்கார்ந்தார். கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தார். அதிகாரி கத்தினார், வேலை போகும் என்றார், ஜெயில் என்றார். இரண்டு பேர் பிடித்து இழுத்தோம், அதில் நானும் ஒருவன். மனுஷர் பெட்டியின் இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டார். “மஸ்கட் கொண்டாரச் சொல்லுங்க சார், நானே சுடறேன்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தச் சமயத்தில்தான் ஒரு கல் வந்து ரெட்டியார்பாளையத்துக்காரன் முகத்தில் விழுந்தது. “அண்ணே!” என்று கத்திக்கொண்டு உட்கார்ந்தான். விரல் இடுக்கில் ரத்தம். சொல்தா அவனைப் பார்த்தார். அவர் முகம் அப்படி ஆனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனால் பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பிறகு நடந்தது வேடிக்கைதான். போலீசுக்குள்ளேயே போலீஸ் கட்டிப்புரள்வதைப் பார்த்து முன்வரிசையில் கல்லெறிவது நின்றது. என்ன நடக்கிறது என்று எட்டிப்பார்த்தார்கள், சிலர் சிரித்தார்கள். சிரிப்பு வந்த கைக்குக் கல் ஓடாது. அந்த இடைவெளியில் சங்கத்துக்காரர்கள் ஓடிவந்தார்கள், ஆலைக் கதவும் ஒரு சாண் திறந்தது, பேச ஆரம்பித்தார்கள். ஒரு குண்டும் வெடிக்கவில்லை.

ரெட்டியார்பாளையத்துக்காரனுக்கு இடது கண் போய்விட்டது.

விசாரணையில் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அந்தத் தோட்டா மண்சுவரைத் துளைக்குமா என்று. வருஷக்கணக்காக நான் பீற்றிக்கொண்ட பெருமையெல்லாம் அங்கே சாட்சியாக வந்து நின்றது. துளைக்கும் என்றேன். ஒரு சுவர் என்ன, அடுத்த வீட்டுச் சுவரையும் பார்க்கும் என்றேன். “சரி, சுட்டிருந்தால் கட்டாயம் யாராவது செத்திருப்பார்களா?” என்று கேட்டார்கள். அதை யாரால் சொல்லமுடியும்? தெரியாது என்றேன். எழுதிக்கொண்டார்கள். போன கண்ணை எல்லாரும் பார்த்தார்கள். போகாத உயிரைப் பார்த்தவர் யார்? சொல்தாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிரெஞ்சுப் பென்ஷன் இருந்ததால் சோற்றுக்குக் குறைவில்லை.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச காலம் எனக்கும் அவர்மேல் கோபம் இருந்தது. கூடச் சாப்பிட்டவன் கண்ணில் ரத்தம் வழிகிறபோது ஒருத்தர் எப்படி உட்கார்ந்திருக்க முடியும்? எழுந்து தோட்டாவைக் கொடுத்திருந்தாலும் அந்தக் கண் திரும்பியிருக்காது என்று புத்திக்குத் தெரியும். மனசுக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மாதா கோயிலில் பூசை முடிந்து, பேக்கரியில் நீள ரொட்டி வாங்கிக்கொண்டு சைக்கிளில் ரெட்டியார்பாளையம் போவார் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கான்ஸ்டபிள் அங்கே பெட்டிக்கடை வைத்திருந்தான். ரொட்டியை அவன் பெண்சாதி வாங்கிக்கொள்வாள். அவன் ஒரு வார்த்தை பேசமாட்டான். கண் போன பக்கத்தை அவருக்குக் காட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருப்பான். இவர் சற்று நேரம் பெஞ்சியில் இருந்துவிட்டு வந்துவிடுவார். வருஷக்கணக்காக இதே கதை.

சீனச் சண்டை வந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். கடையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, பிறகு செய்தி. பனிமலையில் நம் ஆட்கள் பழைய ரைஃபிளை வைத்துக்கொண்டு தவிக்கிறார்கள், எதிரி கையில் மளமளவென்று சுடுவது இருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. பழக்க தோஷம், நான் ஆரம்பித்துவிட்டேன்.

“மலையில தூரம் தூரமா சுடணும். அங்க கராபின் வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க, சொல்தா?”

“பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் சுடணும்னா உங்க ரைஃபிள்தான்” என்றார். “பக்கத்துல வந்துட்டா அவன் கைல இருக்கறதுதான். மூச்சு முட்டற மலையில பாரமும் ஒரு எதிரிதான். ரெண்டுமே வேணும், ஏட்டையா. எந்த எடம்னு பாக்காம இதுதான் ஒசத்தின்னு சொல்லக்கூடாது.”

அதுவரை பேசாத கடைக்காரன் பேசினான். முகத்தைத் திருப்பவில்லை.

“யோவ் சொல்தா. நான் ஒண்ணு கேக்கறேன். அந்தச் செவுத்துக்குப் பின்னாடி இருந்தவங்க யாருன்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“குண்டு அவங்க மேல பட்டிருக்கும்னு தெரியுமா?”

“அதுவும் தெரியாது.”

“நான் உன்கூட ஒரு தட்டுல துன்னவன். தெரியாதவங்களுக்காக என்னை உட்டுட்ட. அவங்க என்னவிட ஒசத்தியா?”

ரேடியோவை நான் நிறுத்தினேன். சொல்தா எங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொன்னார்.

“அங்க ஒரு ஊர்ல, ஒருத்தன் துப்பாக்கியோட ஓடினான். நான் பெரிய தோட்டாவாலதான் சுட்டேன். விழுந்தான். போயிப் பாத்தா அவனுக்குப் பின்னாடி மூங்கில் வீடு. உள்ள ரெண்டு பேரு, ஒரு பொம்பளயும் அவ கொழந்தயும். நான் சுட்டது ஒருத்தன. விழுந்தது மூணு பேரு.” அவர் பெஞ்சியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “நீ ஒசத்தி இல்லன்னு நான் சொல்லலடா. உன் கண்ணு என்னாலதான் போச்சுன்னு வெச்சிக்க. ஆனா உன் வீட்டுக்கு நான் வர முடியுது. நீ மூஞ்ச திருப்பிக்கற, உன் பொண்டாட்டி ரொட்டிய வாங்கிக்கறா, நீ திட்டனா நான் கேட்டுக்கலாம். அந்த வீட்டுக்கு நான் எந்த ஞாயித்துக்கெழம போவறது? போனா திட்டறதுக்கு அங்க யாரு இருக்கறாங்க?”

ஒரு பையன் வந்து பீடி கேட்டான், கடைக்காரன் எடுத்துக்கொடுத்தான். பிறகு தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கி மறுபக்கம் போட்டு, நல்ல கண் சொல்தாவின் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டான்.

“அடுத்த வாரம் வரப்ப ரெண்டு ரொட்டி கொண்டா” என்றான். “ஒண்ணு பத்தல.”